நம்பர் எல்லாம் சரியா இருக்கு, ஆளு சரியில்ல: நைட்ல டாக்டரை எழுப்பலாமா?

நவம்பர் 9, காலை 8.50. கேட்டவர்: புது ஸ்டாஃப் நர்ஸ், ராணிப்பேட்டை

சீனியர் சிஸ்டர்ஸ் யாராவது பதில் சொல்லுங்க. நேத்து எனக்கு நைட். வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள் பேஷண்ட், ஐம்பது வயசு அம்மா. பிபி 118/76, பல்ஸ் 96, ஜுரம் இல்ல, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 96. எல்லாம் நார்மல். ஆனா சாயந்திரம் என்கிட்ட பேத்தி கதையெல்லாம் சொல்லிட்டிருந்தவங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாங்க. தண்ணி வேணுமான்னா வேணாம். வலிக்குதான்னா இல்ல. எனக்கு மனசே சரியில்ல. டியூட்டி டாக்டருக்கு போன் போட்டேன். வைட்டல்ஸ் கேட்டாரு, சொன்னேன். "எல்லாம் நார்மல் தானே, அப்புறம் எதுக்கு எழுப்பற"ன்னு வெச்சுட்டாரு. காலைல ரவுண்ட்ஸ்ல மேடமும் அதையே சொன்னாங்க, நம்பர் இல்லாம கூப்பிடக் கூடாதாம். நான் கூப்பிட்டது தப்பா?

நவம்பர் 9, பிற்பகல் 2.15. பதில் சொல்றவர்: ஒரு சீனியர் சிஸ்டர் (கீழ வர்றதெல்லாம் இவங்க எழுதினது)

கூப்பிட்டது தப்பில்ல தங்கச்சி. நம்பர் இல்லாம கூப்பிடக் கூடாதுங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா நீ குடுத்த லிஸ்ட்டை இன்னொரு தடவை படிச்சுப் பாரு. பிபி இருக்கு, பல்ஸ் இருக்கு, டெம்பரேச்சர் இருக்கு, சாச்சுரேஷன் இருக்கு. மூச்சு எங்க?

உன்னைக் குத்திக் காட்டறதுக்குக் கேக்கல. இந்த வட ஆற்காட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த எந்த வார்டுலயும் மூச்சுக்கு ரெண்டே எண்ணு தான். ஒண்ணு 18, இல்லன்னா 20. ஹெர்னியா தாத்தாவுக்கும் 20, டான்சில் எடுத்த பொண்ணுக்கும் 20. "பாடிக்கு மட்டும் தான்டி நீங்க வேற நம்பர் போடுவீங்க"ன்னு ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டைத் தூக்கி வீசுவாங்க. காரணம் எல்லாருக்கும் தெரியும். பிபிக்கு மிஷின் இருக்கு, சாச்சுரேஷனுக்கு விரல்ல மாட்டற கிளிப் இருக்கு. மூச்சுக்கு நாம தான் நிக்கணும், அதுவும் முழுசா ஒரு நிமிஷம்.

அந்த ஒரு நிமிஷத்துல தான் நீ தேடினது இருக்கு. உள்ள கிருமி பரவ ஆரம்பிச்சாலும், நுரையீரல்ல ரத்தக் கட்டி போய் அடைச்சாலும், ரத்தத்துல அமிலம் ஏறினாலும், பெரும்பாலும் முதல்ல மாறறது மூச்சு. சாச்சுரேஷன் 96 காட்டுதுன்னா, அதை 96ல நிறுத்தி வெக்க அந்த உடம்பு எவ்ளோ பாடுபடுதுன்னு கிளிப்புக்குத் தெரியாது.

எண்ணும்போது "மூச்சு எண்ணப் போறேன்"னு சொல்லிடாதே. சொன்ன உடனே மாத்தி விடுவாங்க. பல்ஸ் பாக்கற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே வயித்தைப் பாரு.

நவம்பர் 9, 2.40

இன்னொண்ணு. பல்ஸ் 96 நார்மல்னு எழுதியிருக்கே. அவங்களுக்குக் காலைல எவ்ளோ இருந்துச்சு? 74ல இருந்து 96 வந்திருந்தா அதை நான் நார்மல்னு சொல்ல மாட்டேன். போன் பண்றதுக்கு முன்னாடி முந்தின ரெண்டு ஷிப்ட் சார்ட்டைத் திருப்பிப் பார்த்துடு.

நவம்பர் 10, இரவு 9.30

மேல ஒருத்தர் கேட்டது நியாயம்: "நாப்பது பெட்டுக்கு ஒரு ஸ்டாஃப். எல்லாருக்கும் முழு நிமிஷம் எண்ணினா மருந்து யார் குடுப்பா?" அரசு ஆஸ்பத்திரில வேலை பார்த்தவங்க யாரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தரையில பாய் போட்டுப் படுத்திருக்கறவங்களையும் சேர்த்தா நாப்பதுக்கும் மேல.

நாப்பது பேருக்கும் எண்ண வேணாம். எந்தப் பெட்டைத் தாண்டிப் போகும்போது உனக்குக் கால் நிக்குதோ, அந்தப் பெட்டுக்கு மட்டும் எண்ணு. மனசு உறுத்தறதுக்கு வேலையே அது தான், நாப்பதுல ஒண்ணை எடுத்துக் குடுக்கறது. எடுத்துக் குடுத்தப்புறம் கையும் கண்ணும் வேலை செய்யணும்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012ல நோயாளி மோசமாகறதை முன்கூட்டியே காட்டற ஒரு மார்க் ஷீட் கொண்டு வந்தாங்க, நியூஸ்னு (NEWS) பேரு. 2017ல திருத்தினாங்க. அதுல மூச்சு 12லிருந்து 20 வரைக்கும் பூஜ்யம். 21லிருந்து 24 ரெண்டு மார்க். 25ம் அதுக்கு மேலயும் மூணு. எந்த ஒரு அளவு தனியா மூணு வாங்கினாலும் டாக்டர் வந்து பாக்கணும். மொத்தம் அஞ்சு ஆனா அவசரம், ஏழு ஆனா ஐசியூ தரத்துல ஆள் வரணும். நம்ம தங்கச்சியோட பேஷண்ட்டுக்கு அவ குடுத்த நம்பரை வெச்சுப் போட்டா பல்ஸுக்கு ஒரு மார்க், மத்ததெல்லாம் பூஜ்யம். மொத்தமே ஒண்ணு. மூச்சு 26னு வெச்சுக்கோங்க, ஒண்ணு நாலாயிடும், அந்த டாக்டர் செருப்பு மாட்டியாகணும்.

2017ல சேர்த்தது இன்னும் முக்கியம். முன்னாடி இல்லாத குழப்பம் புதுசா வந்தா அதுக்கே மூணு மார்க். பேத்தி கதை சொன்னவங்க சுவத்தைப் பார்த்துப் படுத்தாங்களே, அவங்ககிட்ட இது எந்த ஊரு, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டுப் பார்த்திருக்கலாம்.

நவம்பர் 11, காலை 6.10 (நைட் முடியற நேரம், டீ வரல)

போன்ல எப்படிப் பேசறதுன்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. எஸ்பார்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது. பரிட்சைல பத்து மார்க்குக்கு எழுதிட்டு வார்டுக்கு வந்ததும் மறந்துட்டோம். நான் சொல்றது இப்படி:

"சார், ஃபீமேல் சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். பன்னெண்டாம் பெட்டுக்கு நீங்க வரணும். முந்தாநாள் குடல் ஆபரேஷன் ஆனவங்க. சாயந்திரம் நல்லா பேசினாங்க, இப்ப கேட்டா தலையை மட்டும் ஆட்டறாங்க. மூச்சு 26. பல்ஸ் 96, காலைல 74. பிபி 118 இருக்கு. பத்து மணியிலிருந்து யூரின் 70 மில்லி தான் வந்திருக்கு. உள்ள ஏதோ ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தோணுது. பத்து நிமிஷத்துல வந்து பாருங்க. அதுக்குள்ள நான் என்ன எடுத்து வெக்கட்டும்?"

ஒரு நிமிஷம் கூட ஆகாது. எதுக்குக் கூப்பிடறோம்ங்கறதை முதல் மூச்சுலயே சொல்லிடணும். தூக்கத்துல இருந்து எழுந்தவருக்கு முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தான் காதுல ஏறும். நடுவுல இருக்கறது நோட்ஸ்ல எழுதறதுக்கு.

யூரின் கணக்கு புரியாதவங்களுக்கு: மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லியாவது வரணும். 55 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்துல 110. எழுபது போதாது.

நாம எங்க விழறோம்னா கடைசி ரெண்டு இடத்துல. "எனக்குத் தோணுது"ன்னு சொல்ல நாக்கு வராது. டயக்னோசிஸ் சொல்ல நீ யாருன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். வியாதி பேரா சொல்றோம்? மோசமாகுதுன்னு சொல்றோம், அது நம்ம வேலை. அப்புறம் "வாங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா "ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா நல்லா இருக்கும் சார்..."னு இழுத்து நிறுத்திடறோம். அவர் அதுல ஏறி "காலைல பாக்கறேன்"னு போயிடுவாரு. மரியாதை வேற, மழுப்பல் வேற. "வரணும் சார்"ங்கறதுலயும் சார் இருக்கு.

நவம்பர் 11, 6.25

டீ வந்துடுச்சு. ஆறிப் போயி.

நவம்பர் 11, இரவு 8.00

வாட்ஸ்அப்ல ஈசிஜி போட்டோ அனுப்பினா போதாதான்னு கேட்டவருக்கு: அனுப்புங்க, கூடவே போன் பண்ணுங்க. ரெண்டு நீல டிக் விழுந்தா பார்த்தாருன்னு அர்த்தம் இல்ல, போன் அவர் கையில இருந்துச்சுன்னு அர்த்தம். தலைகீழா எடுத்த ஈசிஜிக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டின டாக்டரை எனக்குத் தெரியும்.

நவம்பர் 13, மாலை 5.20

ஒரு கேஸ் சொல்றேன். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல என் கூடப் படிச்சவ வேலை பார்த்தா. பாத்தது அவ, நான் கேட்டு எழுதறேன். விடியக்காலை நாலரை மணிக்கு மலையடிவாரத்துல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. வயித்து வலி, ரெண்டு தடவை வாந்தி. கடி கிடி ஒண்ணும் இல்ல, கால்ல வீக்கமும் இல்ல. பிபி, பல்ஸ், மூச்சு, சாச்சுரேஷன் எதுலயும் குறை இல்ல. கேஸ் ட்ரபுள்னு ஊசி போட்டுப் படுக்க வெச்சாச்சு.

இவ ஊசி போடும்போது அந்த ஆளோட மூஞ்சியைப் பார்த்திருக்கா. கண்ணு பாதி மூடியிருக்கு. பொண்டாட்டி பக்கத்துல நின்னுக்கினு, "தூக்கம் இல்லம்மா பாவம், ராவெல்லாம் வலில தூங்கல"ன்னு சொல்லுது. இவளுக்கு ஒத்துக்கல. வலில துடிக்கறவன் கண்ணு இப்படிச் சொக்காது. "அண்ணா, மேல பாருங்க"ன்னு சொல்லி விரலைத் தூக்கிக் காட்டியிருக்கா. கண்ணு மேல போகுது, இமை கூடப் போகல. ராத்திரி எங்க படுத்தீங்கன்னு கேட்டா, தரையில. அவ்ளோ தான். ஒரே மூச்சுல எண்ணச் சொல்லியிருக்கா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. நல்லா இருக்கறவங்க முப்பது நாப்பது எண்ணுவாங்க. இவரு பதினாலுல நின்னுட்டாரு. தலையைத் தலகாணிலருந்து தூக்கச் சொன்னா தூக்க முடியல.

கட்டுவிரியன். ராத்திரி தரையில படுத்தவங்களைத் தூக்கத்துலயே கடிக்கும். பல் பட்ட தடம் தெரியாது, வீங்காது, பல பேருக்கு எழுந்திரிக்கவே தெரியாது. விடியும்போது வயித்து வலின்னு தான் வருவாங்க. அப்புறம் இமை, அப்புறம் தொண்டை, அப்புறம் மூச்சுத் தசை.

டாக்டரை எழுப்பி அவ சொன்னது: "சார், பாம்புக் கடின்னு நினைக்கறேன். இமை தொங்குது, கழுத்து நிக்கல, ஒரே மூச்சுல பதினாலு தான் எண்றாரு. உடனே வாங்க." அவர் லுங்கியோட ஓடி வந்தாரு. விஷமுறிவு மருந்து ஆரம்பிச்சு, 108ல அம்பு பேக் (கையால மூச்சு குடுக்கற பை) அமுக்கிக்கிட்டே வேலூருக்கு அனுப்பினாங்க. மூணாம் நாள் மூச்சு ட்யூப் எடுத்தாங்க. பொழச்சுக்கினாரு.

நவம்பர் 14, காலை 11.00

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒரு தம்பி (ஆண் நர்ஸ், ஆம்பூர்) கேட்டிருக்காரு: "அக்கா, ஒன்பதாம் தேதி மூச்சை எண்ணு, நம்பரைக் கொண்டு வா-ன்னு பாடம் எடுத்தீங்க. பதிமூணாம் தேதி கதையில எல்லா நம்பரும் நார்மல். எது சரி?"

பிடிச்சுட்டாரு. உட்கார்ந்து யோசிச்சேன். அந்த மார்க் ஷீட்ல போட்டிருந்தா அந்த ஆளுக்குப் பூஜ்யம் வந்திருக்கும். பூஜ்யம் வாங்கி வென்டிலேட்டருக்குப் போயிருப்பாரு. அதனால முதல்ல எழுதினதைக் கொஞ்சம் தளர்த்திக்கறேன். நம்பர்ங்கறது டாக்டரைக் கட்டில்லருந்து எழுப்பற கருவி. நோயாளி மோசமாகறாருன்னு நமக்குத் தெரியறது வேற வழியில: நிறம், வேர்வை, கண்ணு, பேச்சு, சாப்பாட்டுத் தட்டு, நேத்தைக்கும் இன்னிக்கும் உள்ள வித்தியாசம். மிஷின் எதுவும் அளக்காததை எல்லாம் நாம தான் பாக்கறோம். என் கூடப் படிச்சவ "எனக்கு ஏதோ தோணுது"ன்னு மட்டும் போன் பண்ணல. தோணினதும் அங்கயே நின்னு மூணு விஷயம் சோதிச்சா. அதுல ஒண்ணு கூட சார்ட்ல கட்டம் போட்டு வெச்சதில்ல.

நெதர்லாந்துல இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. நர்ஸோட கவலையை ஒன்பது அறிகுறியாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. மூச்சு மாறுது, ரத்த ஓட்டம் மாறுது, நடுக்கம், மனநிலை, பதட்டம், வலி, எதிர்பார்த்தபடி தேறல, நோயாளியே சரியில்லன்னு சொல்றாரு, கடைசியா நர்ஸுக்குத் தன்னால படற உணர்வு. ரத்த அழுத்தம் இறங்கறதுக்கு முன்னாடியே கவலை வந்துடுதுன்னு அவங்க வாதம். நமக்கு இது புதுசில்ல. எழுதி வெச்சது தான் புதுசு.

ஆனா தம்பி, ஒரு எச்சரிக்கை. இந்த உணர்வு பழக்கத்துல வர்றது. புதுசா சேர்ந்தவங்களுக்கு எல்லாரைப் பார்த்தாலும் பயமா இருக்கும், இருபது வருஷம் ஆனவங்களுக்கு யாரைப் பார்த்தாலும் பயம் வராது. ரெண்டாவது தான் ஆபத்து.

நவம்பர் 14, 11.20

பிரசவ வார்டு சிஸ்டர் ஒருத்தங்க சொன்னதை மேல ஏத்தி வெக்கறேன். பிரசவம் ஆன பொண்ணுக்கு பிபியை நம்பாதீங்க. வயசுப் பொண்ணு உடம்பு ரொம்ப ரத்தம் போற வரைக்கும் பிபியைப் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் ஒரேயடியா விட்டுடும். பல்ஸை மேல் பிபியால வகுத்துப் பாருங்க, 0.9 வந்தாலே உஷார். பல்ஸ் 112, பிபி 110/70னா "பிபி நல்லா இருக்கு"ன்னு எழுதறவங்க நிறைய. வகுத்தா ஒண்ணைத் தாண்டுது. போர்வையைத் தூக்கிப் பாருங்க.

நவம்பர் 16, இரவு 10.45

அட்டெண்டர் (பேஷண்ட் கூட இருக்கற குடும்பத்துக்காரங்க) சொல்றதைக் கேக்கறது பத்தி யாரும் பேசல. "இன்னா சிஸ்டர், எங்க நைனா ஒரு மாரி கீறாரு"ன்னு பொண்ணு வந்து சொன்னா, "டிரிப்ஸ் ஓடுதும்மா, போய் உக்காரு"ன்னு நாம எத்தனை பேர் அனுப்பறோம்? அந்தப் பொண்ணு நாப்பது வருஷமா அந்த மூஞ்சியைப் பாக்குது. நாம பாத்தது ரெண்டு ஷிப்ட்.

இங்கிலாந்துல மார்த்தானு பதிமூணு வயசுப் பொண்ணு 2021ல ரத்தத்துல கிருமி பரவி இறந்து போச்சு. அப்பா அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பொண்ணு மோசமாகுதுன்னு. 2024லிருந்து அந்தப் பேர்லயே ஒரு விதி அங்க நடைமுறைக்கு வந்திருக்கு. குடும்பத்துக்காரங்களே வேற டீம் வந்து பாக்கணும்னு நேராக் கேக்கலாம். நம்ம ஊர்ல குடும்பத்துக்காரங்க கேட்டா "சத்தம் போடாதீங்க, வெளிய நில்லுங்க"ன்னு செக்யூரிட்டி வருவாரு.

வேலூருக்கு இன்னொரு சிக்கல் கூட. காந்தி ரோட்டுல நடந்து பாருங்க, பாதி போர்டு பெங்காலியும் இந்தியும். வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ்ல இருந்து லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பாக்கறாங்க. சித்தூர்க்காரங்க தெலுங்குல பேசுவாங்க, மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கம் உருது. பெரிய ஆஸ்பத்திரில மொழிபெயர்க்க ஆள் வெச்சிருப்பாங்க. சின்ன எடத்துல மகன் தான் மொழிபெயர்ப்பு. நான் வலி இருக்கான்னு கேட்டேன். மகன் அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசினான், அந்தம்மா மூணு நிமிஷம் பேசினாங்க, கண்ணுல தண்ணி. திரும்பி என்கிட்ட சொன்னான்: "நோ பெயின், சிஸ்டர்." சொல்லாம விட்டது எனக்கு அப்புறம் தான் புரிஞ்சது. வலின்னு சொன்னா டிஸ்சார்ஜ் தள்ளிப் போகும், லாட்ஜ் வாடகை ஏறும், ஹவுரா டிக்கெட் கேன்சல் ஆகும். பொய் சொல்லணும்னு சொன்னவன் இல்ல, கணக்குப் போட்டுச் சொன்னவன்.

அதுக்கப்புறம் மகனை ஒரு பிளாஸ்க் சுடுதண்ணி வாங்க அனுப்பிட்டு நானே கேப்பேன். விரலால தொட்டுக் காட்டச் சொல்லுவேன். இருமச் சொல்லுவேன், இருமும்போது கை எங்க போகுதுன்னு பாப்பேன். கையும் மூஞ்சியும் எந்தப் பாஷைக்காரங்களுக்கும் ஒண்ணு தான்.

நவம்பர் 17, காலை 7.30

கிராம சுகாதார செவிலியர் ஒருத்தங்களுக்கு, சுருக்கமா: குழந்தைக்கு 12-20 கணக்கு பொருந்தாது. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசு வரைக்கும் 50, அஞ்சு வயசு வரைக்கும் 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு தான். குழந்தை அழாதபோது எண்ணணும். இது உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும்.

நவம்பர் 19, இரவு 11.15

"டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." நம்ம நோட்ஸ்ல அதிகமா வர்ற வாக்கியம். எந்த டாக்டருக்கு? என்ன தெரிவிச்சே? அவர் என்ன சொன்னாரு? ஒண்ணும் இருக்காது. நாளைக்கு கேஸ் ஷீட்டை விசாரணைக்கு எடுத்தா "எனக்கு பிபி மட்டும் தான் சொன்னாங்க"ன்னு அவர் சொல்லிடலாம், நம்மகிட்ட பதில் இருக்காது.

இப்படி எழுதுங்க: மணி 2.10. இன்ன டாக்டருக்கு போன். மூச்சு 26, பல்ஸ் 96, நாலு மணி நேர யூரின் 70 மில்லி, பேச்சு குறைஞ்சதைச் சொன்னேன், வந்து பார்க்கக் கேட்டேன். பதில்: அரை மணி கழித்துத் திரும்பப் பார்க்கவும். மணி 2.40ல் திரும்பப் பார்த்தேன். இவ்ளோ தான். கோபத்தை நோட்ஸ்ல எழுதாதீங்க. "பலமுறை கூறியும் அலட்சியம்"னு ஒரு பொண்ணு எழுதி வெச்சுட்டு மெமோ வாங்கினா. நேரமும் எண்ணும் எழுதியிருந்தா படிக்கறவங்களுக்கே அது புரிஞ்சிருக்கும்.

நவம்பர் 21, பிற்பகல் 3.00

வர மாட்டேன்னு சொன்னா? இதைத் தான் தங்கச்சி முதல்லயே கேட்டிருக்கணும்.

நான் உடனே சண்டைக்குப் போறதில்ல. "சரி சார். எந்த அளவு வந்தா நீங்க வருவீங்க, சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு கேப்பேன். இதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள பாதிப் பேர் எழுந்து வந்துடுவாங்க. மீதிப் பேர் ஒரு எண்ணு சொல்லுவாங்க. அந்த எண்ணு வந்ததும் "நீங்க சொன்னது வந்துடுச்சு"ன்னு கூப்பிட எனக்கு உரிமை கிடைச்சாச்சு. அதுலயும் வரலன்னா பிஜி (மேல்படிப்பு படிக்கற டாக்டர்), நைட் சூப்பர்வைசர், கன்சல்டன்ட். கால் புக் (டாக்டரைக் கூப்பிட எழுதி அனுப்பற நோட்டு) இருக்கற ஆஸ்பத்திரில அதுல நேரம் போட்டு ஆள்கிட்ட குடுத்து அனுப்பி கையெழுத்து வாங்கணும். மேல போறேன்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க: "சார், எனக்கு இன்னும் கவலையா இருக்கு, பிஜிக்கும் சொல்றேன்." முதுகுக்குப் பின்னாடி போனா அடுத்த மாசம் பூரா அவர் மூஞ்சியில முழிக்கணும்.

டாக்டர் பக்கமும் ஒண்ணு இருக்கு. ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பசங்க முந்தின நாள் காலைல வந்தவங்க, நின்னுக்கிட்டே தூங்கறவங்க. அவனுக்கும் வார்டுல மூத்தவங்க யாராவது சொல்லித் தரணும். "தம்பி, இந்தப் பெட்டை மட்டும் பார்த்துட்டுப் போய்ப் படு"ன்னு சொன்னா முக்கால்வாசிப் பேர் கேப்பாங்க. வேலூர்ல 1909லயே நர்ஸ் பயிற்சி தொடங்கிடுச்சு, 1946ல சிஎம்சில டிகிரி படிப்பே வந்துடுச்சு. நர்ஸ் சொல்லி டாக்டர் கத்துக்கறது இந்த ஊருக்குப் புதுசா?

நவம்பர் 21, 3.30

டாக்டர் போன்லயே சொல்ற மருந்து ஆர்டர் பத்தியும் சொல்லிடறேன். கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஆம்ப்யூல் பாக்கறதுக்கு டிஸ்டில்டு வாட்டர் மாதிரியே இருக்கும். பத்து மில்லில 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். நேரா நரம்புல ஏத்தினா இதயம் நின்னுடும். போன்ல "கேசிஎல் ஒண்ணு போடு"ன்னு சொன்னா "சரி சார்" சொல்லி வெக்காதீங்க. "சார், கேசிஎல் ஒரு ஆம்ப்யூல், 500 மில்லி நார்மல் சலைன்ல கலந்து, நாலு மணி நேரத்துல ஓட்டணும்னு எழுதிக்கறேன், சரியா?" அவர் "ஆமா" சொல்ற வரைக்கும் ஆம்ப்யூலை உடைக்கக் கூடாது. அடர்த்தியான பொட்டாசியத்தைத் தனியா கட்டுப்பாட்டுல வெக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2007லயே சொல்லிடுச்சு. நம்ம டிராயர்ல இன்னும் பக்கத்துப் பக்கத்துல கிடக்குது.

நவம்பர் 24, காலை 10.10

நாலு நாளா மழை. வார்டு பூரா ஜுரம். இந்த சீசன்ல, மழை விட்டுப் பனி ஆரம்பிக்கற நேரத்துல, நம்ம பக்கம் ஸ்க்ரப் டைபஸ் ஏறும். புதர்ல இருக்கற சின்னப் பூச்சி, கண்ணுக்கே தெரியாது, கடிச்சதும் தெரியாது. கடிச்ச எடத்துல கறுப்பா பொருக்கு தட்டும், பீடி நெருப்பு சுட்ட மாதிரி. வலிக்காது, அரிக்காது, அதனால பேஷண்ட் சொல்ல மாட்டாங்க. அக்குள், மார்புக்கு அடியில, தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு படற எடம். ரவுண்ட்ஸ்ல பத்துப் பேர் நிக்கும்போது அந்த எடத்தை யாரும் பாக்கறதில்ல. உடம்பு தொடைச்சு விடற நாம தான் பாக்கறோம். பார்த்ததும் "சார், இடது மார்புக்கு அடியில கறுப்புப் பொருக்கு இருக்கு, வந்து பாருங்க"ன்னு சொன்னா, அஞ்சு நாளா ஓடிக்கிட்டிருந்த ஆன்டிபயாடிக் மாறி டாக்ஸிசைக்ளின் வரும். ரெண்டு நாள்ல ஜுரம் இறங்கறதைப் பார்க்கலாம்.

ஸ்பான்ஜ் பாத்தை ஆயா கிட்டயும் அட்டெண்டர் கிட்டயும் விட்டுட்டோம். ஆள் பத்தாது, ஒத்துக்கறேன். ஜுரக்காரங்களை மட்டுமாவது, ஒரு தடவை, ஸ்க்ரீன் இழுத்துட்டு முழுசாப் பாருங்க.

நவம்பர் 27, மாலை 6.40

தலைப்பை விட்டு எங்கயோ போயிட்டோம்னு ஒருத்தர் கோச்சுக்கறார். போறது போறோம், இன்சுலினையும் சொல்லிடறேன், இது டிஸ்சார்ஜ் அன்னிக்கு நாம பேசறதைப் பத்தினது.

"புரிஞ்சுதாம்மா?" "புரிஞ்சுது சிஸ்டர்." இந்தக் கேள்விக்கு வேற பதிலே வராது. ஆட்டோ நிக்குது, பில் கட்டியாச்சு, யார் புரியலன்னு சொல்லுவாங்க? சிரிஞ்சைக் கையில குடுத்து, "வீட்டுல எப்படி எடுப்பீங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க. கடையில ரெண்டு வகை சிரிஞ்ச் இருக்கு. சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் கணக்கு. பாட்டிலும் அதே மாதிரி ரெண்டு வகை. 40 பாட்டில் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சுல இருபது கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது எட்டு யூனிட் தான். சர்க்கரை இறங்கவே இறங்காது. 100 மருந்தை சிவப்பு மூடியில இருபது கோடு எடுத்தா ஐம்பது யூனிட், ராத்திரி மயக்கத்துல கொண்டு வருவாங்க. "டாக்டர் எழுதினதைத் தான் போட்டோம்"னு அழுவாங்க, அதுவும் உண்மை தான். பாட்டில்ல 40ஆ 100ஆன்னு அவங்களையே படிக்கச் சொல்லுங்க. கண்ணு தெரியாதவங்கன்னா மூடி கலரைக் காட்டி அனுப்புங்க.

டிசம்பர் 1, இரவு 9.00

ஸ்க்ரப் பொருக்கு போட்டோ போடுங்கன்னு ஆறேழு பேர் கேட்டுட்டீங்க. போட மாட்டேன். யாரோ ஒருத்தங்களோட மார்பு அது, மூஞ்சி தெரியலன்னாலும். உங்க வார்டுல மெடிசின் பிஜி யார்கிட்டயாவது கேளுங்க, அடுத்த கேஸ் வரும்போது கூப்பிட்டுக் காட்டுவாங்க. ஈரமான எடத்துல, அக்குள்ல இடுக்குல இருந்தா பொருக்கு கறுப்பா இருக்காது, மஞ்சளா வெள்ளையா சின்னப் புண்ணு மாதிரி இருக்கும். அதைத் தான் எல்லாரும் விட்டுடறாங்க. கறுப்பை மட்டும் தேடாதீங்க.